எடை சரி, வெள்ளி சரி, ஆண்டு பொய்: ஒரு 1939 ரூபாயின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த ஒரு வெள்ளி ரூபாய். அதில் உள்ள ஆண்டு 1939. வாங்கியவர் திருச்சிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கும் இளைஞர். தாத்தா விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் கிடைத்த 38 காசுகள்தான் அவரை இந்த வழிக்கு இழுத்தன. மூன்று ஆண்டுகளாக, பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களை ஆண்டு வரிசைப்படி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் ஜார்ஜ் வரிசையில் மற்ற ஆண்டுகளெல்லாம் கிடைத்துவிட்டன. 1939 மட்டும் அகப்படவில்லை.

அகப்படாததில் வியப்பில்லை. அந்த வரிசையில் எல்லாரும் தேடி அலைவது அந்த ஓர் ஆண்டைத்தான். ஆறாம் ஜார்ஜின் ரூபாய்களில் 1938, 1939 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே பழைய தரமான 91.7 சதவீத வெள்ளி இருந்தது. உலகப் போர் மூண்டதும் மக்கள் வெள்ளி ரூபாய்களைப் பதுக்கத் தொடங்கினார்கள். 1940-இல் அரசு வெள்ளியைப் பாதியாக, அதாவது 50 சதவீதமாகக் குறைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பழைய தரத்து ரூபாய்களைப் படிப்படியாகப் புழக்கத்திலிருந்து விலக்கவும் செய்தது. இந்த இழுபறியில் 1939-ஆம் ஆண்டின் காசு மிகக் குறைவாகவே மிஞ்சியது. முந்தைய ஆண்டான 1938-இன் காசோ இன்றும் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே எடை, ஒரே வெள்ளி, ஒரே மன்னர் தலை. வேறுபடுவது கடைசி இலக்கம் மட்டும். விலையில் உள்ள வேறுபாடோ பல மடங்கு.

வேறொரு ஊரில் நடந்த நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரியிடம் 18,000 ரூபாய் கொடுத்து அந்த இளைஞர் இதை வாங்கியிருந்தார். ஒரு குடும்பத்தின் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று வியாபாரி சொன்னாராம். ரசீது தரவில்லை. ‘பதினைந்து நாளுக்குள் சந்தேகம் வந்தால் காசைத் திருப்பிக் கொடுங்கள், பணத்தைத் தருகிறேன்’ என்று வாய்மொழியாக ஓர் உறுதி மட்டும் உண்டு. வாங்கிய ஐந்தாம் நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேகரித்துவருபவன். அதனால் என் சொல்லுக்கு அவரிடம் ஒரு மதிப்பு இருந்தது. இந்த ஆய்வை எழுதவேண்டி வந்ததற்கு அந்த மதிப்பும் ஒரு காரணம்.

முதல் நாள்: பெட்டியில் இருந்த மற்றவை

ரூபாயோடு தாத்தாவின் பெட்டியையும் எடுத்து வந்திருந்தார். வீட்டில் பெரியவர்கள் மிகவும் போற்றி வைத்திருந்த ஒரு காசும் அதில் இருந்தது. ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், ‘யூகேஎல் ஒன் அணா’ என்ற எழுத்துகள், 1818 என்ற ஆண்டு. பூஜை அறையில் வைத்திருந்த இதை இலட்சக்கணக்கில் கேட்டு ஆள் வந்ததாகவும் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது.

இது எந்த அரசும் அடித்த நாணயம் அல்ல என்று தயக்கமில்லாமல் சொன்னேன். கம்பெனி தெய்வ உருவத்தைப் பொறித்ததே இல்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள். அந்தக் காரணம் தவறு. சென்னையில் கம்பெனி அடித்த பகோடா என்ற தங்கக் காசுகளில் தெய்வ உருவம் உண்டு. மூன்று சாமி பகோடா என்றே ஒரு வகைக்குப் பெயர். சரியான காரணம் வேறு. பட்டாபிஷேகக் காட்சியும் ஆங்கிலத்தில் அணா மதிப்பும் கம்பெனிப் பெயரும் ஒன்றாகச் சேர்ந்த காசு எந்த நாணயச்சாலையிலிருந்தும் வெளிவரவில்லை. அக்காலத்தில் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடித்த செம்பில் மதிப்பு பெரும்பாலும் ‘காசு’ கணக்கில்தான் இருக்கும். அதே பெட்டியில் தேய்ந்துபோன 1808-ஆம் ஆண்டு 20 காசு ஒன்று கிடந்தது. சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம் ஒரு பக்கம், பாரசீக எழுத்து மறுபக்கம். இங்கிலாந்தின் சோகோ ஆலையில் அடித்துக் கப்பலில் வந்த காசு அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இராமர் காசைப் பூஜை அறையிலேயே வைத்திருங்கள், ‘ரைஸ் புல்லிங்’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் மட்டும் கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அரிசியை இழுக்கும் சக்தி இருப்பதாகச் சொல்லி இந்த வில்லைகளை வைத்துத் தமிழ்நாட்டில் நடந்த மோசடிகளில் வீட்டையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இராமர் காசில் நான் எளிதாகக் கண்டுபிடித்த பொய், ரூபாயைப் பார்க்கும்போது என்னைக் கொஞ்சம் அசட்டையாக்கிவிட்டது. முழுப் பொய்யைப் பார்த்த கையோடு உட்கார்ந்ததால், ரூபாயிலும் அதே போன்ற முழுப் பொய் இருக்கிறதா என்று மட்டுமே தேடினேன்.

எடை, நீர், டச்

நான் செய்த சோதனைகளை அதே வரிசையில் எழுதுகிறேன். சோதனைகளில் பிழை இல்லை. அவை எந்தக் கேள்விக்கு விடை தருகின்றன என்பதை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

இந்த ரூபாயின் சட்டப்படியான எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். என் தராசில் 11.58 கிராம் காட்டியது. புழங்கித் தேய்ந்த காசுக்கு இந்த இழப்பு இயல்பானது. குறுக்களவு முப்பதரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. விளிம்பின் பல்வரிகள் சீராக இருந்தன. வார்ப்புக் காசின் விளிம்பில் இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும், அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம் தெரியும். இதில் இரண்டும் இல்லை. 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய்களின் விளிம்பில் பாதுகாப்புக்காக ஒரு பள்ளம் ஓடும். அதுவும் இல்லை. அந்தப் பாதி வெள்ளிக் காசை எடுத்து ஆண்டை மாற்றவில்லை என்பது இதிலிருந்து உறுதியானது.

அடுத்தது நீர்ச் சோதனை. தராசின் மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, தையல் நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்கவிட வேண்டும். தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. 1.12 கிராம் வந்தது. 11.58-ஐ 1.12-ஆல் வகுத்தால் 10.34. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49. 91.7 சதவீத வெள்ளியும் மீதி செம்பும் சேர்ந்த கலவைக்கு 10.3-ஐ ஒட்டி வரவேண்டும். பாதி வெள்ளிக் கலவை என்றால் 9.5 அளவுக்கு இறங்கியிருக்கும். நீரின் எடையில் 0.01 கிராம் பிசகினாலே விடை 0.09 மாறிவிடும் என்பதால் மூன்று முறை செய்தேன். நூலில் ஒட்டிய காற்றுக் குமிழை ஈர்க்குச்சியால் தட்டிவிட்டு மறுபடியும் செய்தேன். விடை மாறவில்லை.

உரைகல்லில் உரைத்து அமிலம் விட்டுப் பார்க்கலாமா என்று இளைஞர் கேட்டார். வேண்டாம் என்றேன். உரைத்த காசில் அந்தக் கீறல் காலத்துக்கும் நிற்கும். அதற்குப் பதிலாக நகைக்கடை வீதியில் மெஷினில் டச், அதாவது உலோகத்தின் தூய்மைச் சதவீதம், பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் இரண்டு பக்கத்திலும் வைத்துப் பார்த்தோம். 92-ஐ ஒட்டி வந்தது. பழைய வெள்ளியின் மேற்பரப்பில் செம்பு சற்றுக் குறைந்திருக்கும் என்பதால் இந்தச் சிறு ஏற்றம் எதிர்பார்த்ததுதான்.

பிறகு பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். மன்னரின் கிரீடம், காது, பின்பக்கப் பூவளையம் எல்லாம் அச்சு அழுத்தத்தில் பிறந்த கூர்மையோடு இருந்தன. பின்பக்கத்தின் அடியில் இருக்கவேண்டிய, பம்பாய் நாணயச்சாலையின் குறியான புள்ளியும் இருந்தது. 1938-இல் புள்ளி உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. 1939 புள்ளியோடுதான் வரவேண்டும். ஆண்டைப் பார்த்தேன். 1939 என்று இருந்தது. ‘அசல்தான் தம்பி, தைரியமாக ஆல்பத்தில் வையுங்கள்’ என்றேன்.

ஒன்றை மட்டும் கவனித்துவிட்டு விட்டுவிட்டேன். காசு மிகவும் பளபளப்பாக இருந்தது. நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது பழக்கம். யாரோ அப்படித் தேய்த்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘இனிமேல் எந்தக் காசையும் தேய்க்காதீர்கள்’ என்று அவருக்கு அறிவுரையும் சொன்னேன். யார் தேய்த்திருப்பார்கள், எதற்காக என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து

எங்கள் வட்டாரச் சேகரிப்பாளர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். அடுத்த கூட்டத்தில் காட்டுவதற்கு இந்தக் காசைப் படம் எடுக்கவேண்டும் என்று அவர் மீண்டும் கொண்டுவந்தார். காசைக் கறுப்புத் துணியில் வைத்து, மேசை விளக்கை ஏறக்குறைய துணியின் மட்டத்துக்கே தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி பாயுமாறு வைத்தேன். அப்படி வைத்தால் மேடுகள் நீண்ட நிழல் போடும், பள்ளங்கள் இருண்டு தெரியும்.

காசைத் திருப்பிக்கொண்டே வந்தபோது ஒரு கோணத்தில் ஆண்டின் கடைசி இலக்கத்துக்கு இடப்பக்கம், கீழ்ப்பாதியில், ஓர் இடம் மட்டும் ஒளியை வேறு மாதிரி திருப்பியது. கடுகில் பாதி அளவுகூட இருக்காது. சுற்றியுள்ள தளம் முழுதும் ஒரே மாதிரி மின்ன, அந்த இடம் மட்டும் கிண்ணத்தின் உள்புறம் போல ஒரு பக்கம் இருண்டு மறுபக்கம் வெளுத்தது. காசை இன்னும் கால்வட்டம் திருப்பினால் இருட்டும் வெளுப்பும் இடம் மாறின. அங்கே பள்ளம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

லென்ஸை எடுத்தேன். இந்த முறை காசின் எல்லாப் பகுதிகளையும் விட்டுவிட்டு அந்த ஓர் இலக்கத்தை மட்டும் அரை மணி நேரம் பார்த்தேன்.

1939 என்ற ஆண்டில் இரண்டு 9 இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மாதிரி அந்தக் காசிலேயே இருக்கிறது. இரண்டாம் இலக்கமான 9-இன் மேல்வளையம் அகன்றது, இலக்கத்தின் உயரத்தில் பாதியைத் தாண்டி இறங்குகிறது. கடைசி 9-இன் வளையம் சிறியது, பாதிக்கு மேலேயே மூடிக்கொள்கிறது. 8 என்ற இலக்கத்தின் மேல்வளையம் எப்போதும் கீழ்வளையத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். வளையம் மூடுகிற இடத்தில் இடப்பக்கம் ஒரு சிறு முனை துருத்திக்கொண்டு நின்றது. கீழ்வளையத்தின் இடப்பாதியை வெட்டி எடுத்தபோது மிஞ்சிய அடிக்கட்டை அது. இரண்டாம் 9-இல் அப்படி எதுவும் இல்லை. வாலின் முனையிலும் வேறுபாடு தெரிந்தது. மற்ற மூன்று இலக்கங்களின் முனைகள் கைபட்டுத் தேய்ந்து உருண்டிருந்தன. கடைசி இலக்கத்தின் வால் மட்டும் உளி வைத்து நறுக்கியது போல் நின்றது. பள்ளத்தின் உள்ளே இணையாக மூன்று நான்கு நுண்கோடுகள். அவற்றின் மேல், காசு முழுதும் ஓடுகிற தேய்ப்புக் கோடுகள்.

தேய்த்தவர் வெள்ளியைப் பளிச்சிட வைக்கத் தேய்க்கவில்லை. தன் கருவித் தடத்தை மறைக்கவே தேய்த்திருக்கிறார்.

மற்ற விளக்கங்களும் அவை நிற்காத காரணமும்

உடனே இளைஞரிடம் முடிவாக எதையும் சொல்லவில்லை. ஒருமுறை அவசரப்பட்டுச் சொன்னதே போதும் என்று இருந்தது. ‘எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, ஒரு வாரம் காசு என்னிடம் இருக்கட்டும்’ என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறியது. ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுதும், இந்தத் தடத்துக்குக் குற்றமற்ற விளக்கம் ஏதாவது இருக்க முடியுமா என்றுதான் பார்த்தேன். புழக்கத்தில் பட்ட அடியாக இருக்கலாமா? அடிபட்டால் வெள்ளி நசுங்கி ஓரத்தில் வரப்பு போல் எழும்பும். இங்கே வரப்பு இல்லை, உலோகமே காணவில்லை. அச்சில் எண்ணெயும் தூசியும் அடைத்து இலக்கத்தின் ஒரு பகுதி பதியாமல் போயிருக்கலாமா? அப்படிப் போனால் அந்த இடம் தளத்தோடு தளமாக இருக்கும், தளத்துக்குக் கீழே இறங்காது. நாணயச்சாலையிலேயே 1938-ஆம் ஆண்டு அச்சை 1939 ஆகத் திருத்திப் பயன்படுத்தியிருக்கலாமா? நான் அதிக நேரம் யோசித்தது இதைப் பற்றித்தான். பழைய அச்சில் புது ஆண்டைப் பொறித்து அடித்த காசுகள் உலகின் பல நாணயச்சாலைகளில் உண்டு. ஆனால் அச்சு என்பது காசின் தலைகீழ் வடிவம். அச்சில் குழித்தது காசில் மேடாக வரும். அச்சைத் திருத்தியிருந்தால், அழிந்த 8-இன் எச்சம் காசில் மெல்லிய மேடாகத் தெரிந்திருக்கும். நம் காசில் இருப்பது பள்ளம். பள்ளத்தைக் காசின் மேல்தான் தோண்ட முடியும், அதுவும் காசு நாணயச்சாலையை விட்டு வந்த பிறகு.

எடை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெட்டி எடுத்த வளைவின் நீளம் ஒரு மில்லிமீட்டர், அகலம் அதில் மூன்றில் ஒன்று, உயரம் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், போன வெள்ளி ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். என் தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு பத்து மில்லிகிராம். நீர்ச் சோதனைக்கும் மெஷினுக்கும் அது தென்பட வழியே இல்லை. அவை எல்லாம் உண்மையைத்தான் சொல்லின: இது பம்பாயில் அடித்த, 91.7 சதவீத வெள்ளி ரூபாய். 1938-ஆம் ஆண்டு ரூபாய். அடித்தது அரசு. ஆண்டை மாற்றியது வேறொரு கை. அந்தக் கை புள்ளி உள்ள 1938-ஐத் தேடி எடுத்திருக்கிறது. எதைப் பார்ப்போம் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவரின் வேலை.

கடைசியாக ஒரு மூத்த சேகரிப்பாளரின் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. அவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் எடுத்த 1939 ஒன்று, ஏலச் சீட்டோடு இருக்கிறது. இரண்டு காசுகளையும் ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் வைத்துப் படம் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தோம். முதல் மூன்று இலக்கங்களும் பொருந்தின. கடைசி இலக்கம் பொருந்தவில்லை. பிறகு என்னுடைய சாதாரண 1938-ஐ எடுத்து நம் காசின் மேல் பொருத்தினோம். 8-இன் மேல்வளையமும் வலப்பக்க வளைவும், நம் காசின் கடைசி 9 மேல் அப்படியே உட்கார்ந்தன. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ‘பையனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்’ என்றார்.

சொன்னதும் அதன் பிறகும்

அன்று மாலையே சொன்னேன். படங்களைக் காட்டினேன். ‘நான்தான் முதலில் தவறாகச் சொன்னேன். பதினைந்து நாள் தவணை என் சொல்லால்தான் கடந்துபோனது’ என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நீண்ட நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இப்போது பார்த்தால் 8 தான் சார் தெரிகிறது. 9 ஆகத் தெரியவே மாட்டேன் என்கிறது’ என்றார்.

அவர் முன் இருந்த வழிகள் இரண்டு. காசைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்பது ஒன்று. பணம் போனாலும் பரவாயில்லை என்று காசைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, இனி யாரும் ஏமாறாமல் தடுப்பது இன்னொன்று. திரும்பிப் போகும் காசு மறுபடி விலைக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 18,000 ரூபாய் அவருக்குச் சிறிய தொகை அல்ல. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். பணத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் உரிமை, தவணையை வீணாக்கிய எனக்கு இல்லை என்றே பட்டது. பாதித் தொகையை நான் ஏற்கிறேன், காசை நாமே வைத்துக்கொள்வோம் என்று சொன்னேன். அவர் ஒப்பவில்லை. ‘நீங்கள் பணம் வாங்கிக்கொண்டா பார்த்துச் சொன்னீர்கள்?’ என்று கேட்டார்.

வியாபாரியிடம் தொலைபேசியில் பேசினோம். தவணை முடிந்துவிட்டது என்றார் முதலில். பிறகு, தானும் இன்னொருவரிடம் வாங்கியதுதான் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், எனக்குத் தெரிய வழியில்லை. படங்களை அனுப்பியதும் குரல் இறங்கியது. காசை நேரில் கொண்டுவந்தால் 15,000 தருகிறேன் என்றார். இளைஞர் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்க் காசைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கி வந்தார். கொடுப்பதற்கு முன் எடையைக் குறித்து, இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். மன்னரின் கழுத்துக்குக் கீழே, விளிம்பை ஒட்டி நகக்குறி போல் ஒரு பழைய தழும்பு இருந்தது. அதையும் தனியாக எடுத்தோம்.

ஏழு மாதம் கழித்து, மற்றொரு ஊர்க் கண்காட்சியில், வேறொருவரின் மேசையில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். பிளாஸ்டிக் சட்டத்துக்குள் வைத்து, 1939 என்று சிவப்பு மையில் எழுதி, முன்பைவிடக் கூடுதலான விலை போட்டிருந்தது. மேசைக்காரரைத் தனியாக அழைத்துக் கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். அவர் காசை எடுத்துப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் காசை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கண்காட்சி அமைப்பாளர்களிடமும் படங்களைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் காசு என் கண்ணில் படவில்லை.

இனி வேறுவிதமாகச் செய்வது

முதலாவதாக, ‘அசல்’ என்ற ஒற்றைச் சொல்லில் விடை சொல்வதை நிறுத்திவிட்டேன். உலோகம் சரியா, அடித்த முறை சரியா, விலையைத் தீர்மானிக்கும் அந்த ஒரு குறி சரியா என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறேன். சங்க காலக் காசு என்று சொல்லி வரும் வார்ப்புகளில் முதல் இரண்டு கேள்வியே பெரும்பாலும் போதும். ஆற்றுமணலைப் பசையால் ஒட்டிக் கொண்டுவருவார்கள், வெந்நீரில் போட்டால் மணல் உதிர்ந்துவிடும். அரிய ஆண்டு, அரிய நாணயச்சாலைக் குறி என்று வரும்போது மூன்றாவது கேள்வியில்தான் முதலில் கையை வைக்கவேண்டும். விலை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை லென்ஸில் பார்த்துவிட்டுத்தான் இப்போது தராசை எடுக்கிறேன்.

பக்கவாட்டு ஒளியில் படம் எடுப்பதை முன்பு அழகுக்காகச் செய்துவந்தேன். இப்போது அதுவே முதல் சோதனை. கைபேசி விளக்கும் ஒரு கறுப்புத் துணியும் இருந்தால் கண்காட்சி மேசையிலேயே செய்துவிடலாம். அதற்கு இடம் தராத வியாபாரியிடம் விலையுயர்ந்த காசை வாங்கவேண்டாம் என்று புதியவர்களிடம் சொல்கிறேன். தேய்த்துப் பளபளப்பாக்கிய அரிய காசைக் கண்டால், தேய்ப்பு எதை மறைக்கிறது என்று கேட்காமல் விடுவதில்லை.

ரசீது விஷயத்தில் இளைஞர் இப்போது என்னைவிடக் கண்டிப்பானவர். ஆண்டு, வகை, விலை, திருப்பித் தரும் தவணை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எதையும் வாங்குவதில்லை. தவணை முடிவதற்குள் குறைந்தது இரண்டு பேரிடம் காட்டுகிறார். நான் ஒருவன், நான் சொன்னதைக் கேட்காமல் தானாகப் பார்க்கும் இன்னொருவர். இந்த ஏற்பாட்டை அவர் சொன்னபோது எனக்கு வருத்தம் இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

காசைத் திருப்பிக் கொடுத்த முடிவைப் பற்றி மட்டும் இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மீண்டும் அப்படி நேர்ந்தால் வட்டாரச் சேகரிப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து தொகையைப் போட்டுக் காசைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. வியாபாரி நட்டத்தை ஏற்கட்டும், ஏமாந்தவர்கள் ஏன் விலை கொடுக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். கூட்டத்தில் இதைப் பேசினோம். அவர் பக்கம்தான் கைகள் அதிகம் உயர்ந்தன. ஒரு சிறு பொதுநிதி மட்டும் தொடங்கியிருக்கிறோம். திருத்திய காசு குறைந்த விலைக்கு வந்தால் வாங்கி, சட்டத்தில் ‘ஆண்டு திருத்தியது’ என்று எழுதி, புதியவர்களுக்குக் காட்டுவதற்கு வைத்துக்கொள்வோம்.

திரும்பி வந்த பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து அவர் புள்ளி உள்ள நல்ல 1938 ஒன்றை வாங்கினார். தேய்க்காத காசு. வளையத்தின் இலைகளுக்கிடையே கருமை படிந்து அழகாக இருக்கிறது. ஆல்பத்தில் அதற்கு அடுத்த அறையில் 1939 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே, கடைசி இலக்கத்தைப் பெரிதாக்கி எடுத்த அந்தப் பழைய படத்தை வெட்டிச் செருகியிருக்கிறார்.